‘ரெம்’ என்று ஒருவர் இல்லை: ஹைனகன் கடத்தல் படமும் வழக்கும்

‘டெ ஹைனகன் ஒன்ட்ஃபூரிங்’ 2011இல் வந்த டச்சுப் படம். தலைப்புக்குப் பொருள் ‘ஹைனகன் கடத்தல்’. பீர் முதலாளி ஃப்ரெடி ஹைனகனாக ருட்கர் ஹவர் நடித்திருக்கிறார். படத்தைப் பார்த்துவிட்டு ‘உண்மையில் என்னதான் நடந்தது’ என்று தேடப் போகிறவர்கள் ஐந்தே நிமிடத்தில் தடுமாறிவிடுவார்கள். படத்தில் எல்லாரையும் மிஞ்சி நிற்கும் கடத்தல்காரன் ரெம். வழக்கில் அந்தப் பெயரே கிடையாது. அங்கே இருப்பவர் வில்லெம் ஹோலேடர். அவர் இப்போது ஆயுள் கைதி. ஆனால் அந்தத் தண்டனை இந்தக் கடத்தலுக்காக விதிக்கப்பட்டதல்ல, ஐந்து கொலைகளுக்காக. 2015இல் ஆன்டனி ஹாப்கின்ஸ் நடித்து வந்த ஆங்கிலப் படத்தில் ரெம் காணாமல் போய், ஹோலேடர் சொந்தப் பெயரிலேயே வருகிறார்.

பார்ப்பவர்களுக்கு வரும் குழப்பங்களை வரிசைப்படுத்தினால் நான்கு தேறும்.

1. பாரிஸில் அகப்பட்டவர்களை நெதர்லாந்துக்கு அனுப்ப ஏன் இரண்டரை ஆண்டுக்கு மேல் ஆயிற்று?
2. நாட்டையே உலுக்கிய கடத்தலுக்கு 11 ஆண்டுதானா? அதிலும் 1992இலேயே எப்படி வெளியே வந்தார்கள்?
3. ரெம் யார்? அவரை ஏன் கற்பனையாக உருவாக்கினார்கள்?
4. மிச்சப் பணம் எங்கே?

இவற்றுக்குக் கதாபாத்திரங்களின் குணத்தில் விடை தேடினால் கிடைக்காது. அன்றைய சட்டத்தில் எங்கெங்கே ஓட்டை இருந்தது என்று பார்த்தால் பாதிக்கு மேல் விளங்கிவிடும்.

அந்த 21 நாள்

1983 நவம்பர் 9, புதன்கிழமை, இரவு ஏழு மணி வாக்கில் ஆம்ஸ்டர்டாமில் தன் அலுவலகத்தை விட்டு வெளியே வந்த ஹைனகனை ஒரு கும்பல் வேனில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனது. கூடவே அவருடைய ஓட்டுநரையும். ஹைனகனுக்கு 60 வயது நிறைந்து அன்றோடு ஐந்து நாள்தான் ஆகியிருந்தது.

கும்பலில் ஐந்து பேர். கோர் வான் ஹவுட், அவருடைய நண்பர் வில்லெம் ஹோலேடர், ஃப்ரான்ஸ் மெய்யர், இன்னும் இருவர். அரசியல் நோக்கம் எதுவும் கிடையாது. ஜெர்மனியிலும் இத்தாலியிலும் தீவிர இடதுசாரிக் குழுக்கள் ஆட்களைக் கடத்திய காலம் அது என்பதால் முதலில் அந்தத் திசையிலும் சந்தேகம் போனது. இவர்களுக்கு வேண்டியது பணம் மட்டும்தான்.

அடைத்துவைத்த இடம் ஆம்ஸ்டர்டாமின் மேற்குத் துறைமுகப் பகுதியில் இருந்த ஒரு தகரக் கொட்டகை. பாதி உருளையைக் கவிழ்த்துவைத்தது போல இருக்கும், போர்க்காலத்தில் படைகளுக்காகக் கட்டிய வகை. அதன் கடைசிச் சுவருக்கு முன்னால் இன்னொரு சுவர் எழுப்பி, இரண்டுக்கும் நடுவே ஒலி வெளியே போகாத இரண்டு அறைகளைச் செய்திருந்தார்கள். வெளியே நின்று அளந்தால் ஒரு நீளம், உள்ளே அளந்தால் அதைவிடச் சில மீட்டர் குறைவு. அந்த வித்தியாசத்துக்குள்தான் இரண்டு மனிதர்கள் சங்கிலியில் மூன்று வாரம் கிடந்தார்கள். பெயர் தெரியாத ஒருவர் கொடுத்த துப்பைப் பிடித்துக்கொண்டு நவம்பர் 30 அன்று போலீஸ் உள்ளே நுழைந்தபோது, முதல் பார்வையில் கொட்டகை வெறுமையாகத்தான் தெரிந்தது. சுவர் போலிச் சுவர் என்று புரிந்த பிறகே ஆட்கள் கிடைத்தார்கள்.

பிணைத்தொகை 35 மில்லியன் கில்டர் (அன்றைய டச்சு நாணயம்). இன்றைய கணக்கில், யூரோவுக்கு மாறியபோது நிலைநிறுத்திய விகிதப்படி, சுமார் 1.6 கோடி யூரோ. பலரும் இந்தத் தொகையோடு நின்றுவிடுகிறார்கள். அதைவிட சுவாரசியமானது அவர்கள் கேட்ட விதம்:

1. 100 கில்டர் தாள்கள் 50,000
2. 100 அமெரிக்க டாலர் தாள்கள் 50,000
3. 100 ஜெர்மன் மார்க் தாள்கள் 50,000
4. 500 பிரெஞ்சு பிராங்க் தாள்கள் 50,000

ஆக இரண்டு லட்சம் தாள்கள். ஒரு டாலர் தாளின் எடை ஏறக்குறைய 1 கிராம். மற்ற மூன்றும் அதைவிடப் பெரியவை. எப்படிப் பார்த்தாலும் 200 கிலோவுக்குக் குறையாது. கைப்பெட்டியில் கொடுத்துவிட்டுப் போகிற சமாச்சாரமே இல்லை. அஞ்சல் மூட்டைகளில் கட்டி வண்டியில் ஏற்றி, உத்ரெக்ட் பக்கம் ஒரு மேம்பாலத்தின் மீது நிறுத்தவைத்து, மழைநீர் வடியும் வழியாகக் கீழே இறக்கச் சொன்னார்கள். மேலே போலீஸ்காரர் ஓட்டிவந்த வண்டி நிற்கிறது. கீழே வேறொரு சாலையில் மூட்டையை வாங்கிக்கொண்டு ஆள் போய்விட்டான். மேலிருந்து கீழே போக வேண்டுமானால் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். கடத்தல்காரர்களின் புத்திசாலித்தனத்தைப் பற்றி ஊதிப் பெருக்கிய கதைகள் ஏராளம். என்னைக் கேட்டால் மெச்சத் தகுந்தது இந்த வடிகால் யோசனை ஒன்றுதான்.

நான்கு நாட்டுப் பணம் எதற்கு? தாள்களின் எண்களைக் குறித்துவைத்துக்கொண்டு வங்கிகளுக்குப் பட்டியல் அனுப்புவதுதான் அன்றைய போலீஸின் முக்கிய ஆயுதம். பணம் நான்கு நாடுகளுக்குச் சிதறினால் பட்டியலும் அத்தனை நாடுகளுக்குப் போயாக வேண்டும். அந்த ஆயுதம் எவ்வளவு கூர்மையானது என்பதற்கு 1987இல் நடந்த இன்னொரு டச்சுக் கடத்தலே சாட்சி. ஆல்பர்ட் ஹைன் பல்பொருள் அங்காடிக் குடும்பத்தைச் சேர்ந்த கெரிட் யான் ஹைன் கடத்தப்பட்டு, அதே நாளில் கொல்லப்பட்டார். குடும்பத்துக்கு அது தெரியாது; பிணைத்தொகையைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். குற்றவாளியைக் காட்டிக்கொடுத்தது, மாதங்கள் கழித்து அவர் கடையில் நீட்டிய, எண் குறிக்கப்பட்ட நோட்டுகள்தான்.

கடத்தினால் பணம் கிடைக்கும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதற்கும் அக்கம்பக்கத்திலேயே பதில் உண்டு. 1977இல் ஆம்ஸ்டர்டாம் கட்டடத் தொழிலதிபர் மௌப் கரான்சா கடத்தப்பட்டு, 10 மில்லியன் கில்டர் கைமாறிய பிறகு விடுவிக்கப்பட்டார். அதைச் செய்தவர்கள் பிடிபடவே இல்லை. 1982இல் வான் டெர் வால்க் உணவக, ஓட்டல் குடும்பத்துப் பெண்மணி ஒருவர் கடத்தப்பட்டார். அங்கேயும் பணம் கொடுத்துத்தான் மீட்டார்கள். ஹைனகன் மூன்றாவது.

‘கடத்தல்’ என்ற சொல் செய்யும் குழப்பம்

தமிழில் இந்த வழக்கைச் சொல்வதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஆளைத் தூக்கிக்கொண்டு போவதும் கடத்தல், தங்கத்தை ஒளித்துக் கொண்டுவருவதும் கடத்தல். ஒரு நாடு தன்னிடம் சிக்கியவரை இன்னொரு நாட்டு நீதிமன்றத்திடம் கொடுத்தால் அதையும் நாளிதழ்கள் ‘நாடு கடத்தல்’ என்றே போடுகின்றன. விசா முடிந்தவரை விமானத்தில் ஏற்றி அனுப்பினாலும் அதே சொல்தான். ‘கடத்தியவர்களை நாடு கடத்த’ என்று ஒரு வரி எழுதினால் வாசிப்பவருக்குத் தலை சுற்றும். எனவே இங்கே மூன்றாகப் பிரித்துக்கொள்வோம்.

ஆள்கடத்தல்: குற்றம்.

வெளியேற்றம்: ‘எங்கள் நாட்டில் நீ இருக்கக் கூடாது’ என்று ஓர் அரசு எடுக்கும் நிர்வாக முடிவு. அந்த ஆள் எங்கே போகிறார் என்பது அதற்கு இரண்டாம்பட்சம்.

ஒப்படைப்பு: ‘எங்கள் சட்டத்தை மீறியவரை எங்களிடம் கொடு’ என்று ஒரு நாடு கேட்க, மற்ற நாடு ஒப்பந்தத்தைப் பார்த்து, நீதிமன்றத்தில் பரிசீலித்துக் கொடுப்பது.

1984 பிப்ரவரி 29 அன்று வான் ஹவுட்டும் ஹோலேடரும் பாரிஸில் கைதானார்கள். பாரிஸிலிருந்து ஆம்ஸ்டர்டாம் ஏறக்குறைய 500 கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். அவர்கள் போய்ச் சேர்ந்தது 1986 அக்டோபர் 31. நடுவில் என்ன நடந்தது என்பதை விளங்கிக்கொள்ள ஒப்படைப்புச் சட்டத்தின் மூன்று விதிகள் போதும்.

1. பட்டியல் விதி. பழைய ஒப்பந்தங்களில் ‘இன்னின்ன குற்றங்களுக்கு மட்டும் ஒப்படைப்போம்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். பட்டியலில் இல்லாத குற்றம் எவ்வளவு கொடியதாக இருந்தாலும் கொடுக்க வேண்டிய கடமை இல்லை. நெதர்லாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே இருந்த ஒப்பந்தம் 1895ஆம் ஆண்டினுடையது. பணத்துக்காக ஒரு தொழிலதிபரைக் கடத்துவார்கள் என்று அந்தக் காலத்தில் பட்டியல் போட்டவர்களுக்குத் தோன்றியிருக்கவில்லை.

2. இரட்டைக் குற்றத்தன்மை. கேட்கும் நாட்டிலும் கொடுக்கும் நாட்டிலும் அந்தச் செயல் குற்றமாக இருக்க வேண்டும். ஆள்கடத்தல் எங்கேயும் குற்றம்தான் என்பதால் இது இங்கே பெரிய சிக்கலாக இல்லை. ஆனால் முதல் விதியைத் தாண்டினால்தானே இரண்டாவதுக்கு வர முடியும்.

3. ‘எதற்காகக் கொடுத்தோமோ அதற்கு மட்டும்’ என்ற விதி. இதுதான் பொல்லாதது. ஒப்படைக்கப்பட்டவரை, எந்தக் குற்றத்தைச் சொல்லி வாங்கினார்களோ அதற்காக மட்டுமே விசாரிக்கலாம். பட்டியலில் உள்ள மிரட்டல் போன்ற ஏதோ ஒரு சின்னக் குற்றத்தின் பெயரில் ஆளை வாங்கி வந்துவிட்டு, ஆம்ஸ்டர்டாமில் வைத்து ஆள்கடத்தலுக்கு விசாரிக்க முடியாது. அவசரப்பட்டுக் குறுக்கு வழியில் வாங்கினால் பெரிய வழக்கே கைநழுவிப் போய்விடும்.

கொடுக்கவும் முடியாது, விட்டுவிடவும் முடியாது என்ற நிலையில் பிரான்ஸ் செய்ததுதான் படத்தின் பின்பாதியில் கேலிக்கூத்து போலத் தெரியும் பகுதி. சிறையில் இருந்தவர்கள் பிறகு ஓட்டல்களில் காவலோடு வைக்கப்பட்டார்கள். அடுத்து கரீபியன் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவுகளுக்கு அனுப்பப்பட்டார்கள்: குவாதலூப், சென் பார்த்தெலெமி, சென் மார்த்தான். கடைசித் தீவில்தான் வேடிக்கை. அதன் வடபாதி பிரான்சுடையது, தென்பாதி நெதர்லாந்து முடியாட்சிக்கு உட்பட்டது. நடுவே வேலி கிடையாது, சோதனைச் சாவடி கிடையாது. காலாற நடந்து போய்த் திரும்பினால் டச்சு மண்ணில் கைதாகிவிடுவீர்கள். உள்ளூர்க்காரர்கள் இவர்களை வைத்துக்கொள்ள மாட்டோம் என்று கொதித்தெழுந்தார்கள். மறுபடியும் பிரான்ஸ்.

ஐரோப்பிய நாடுகளுக்கென்று ஒரு பொது ஒப்படைப்பு உடன்படிக்கை 1957லிருந்தே இருந்தது. பட்டியலே அதில் கிடையாது. இரண்டு நாட்டிலும் குறைந்தது ஓராண்டுச் சிறைக்குரிய குற்றமாக இருந்தால் போதும். நெதர்லாந்து அதில் 1969இல் சேர்ந்துவிட்டது. பிரான்ஸ் சேர்ந்தது 1986இல். இருவரும் ஒப்படைக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். கைதான தேதி இரண்டரை ஆண்டு தள்ளிப் போயிருந்தால் இந்தத் தீவுப் பயணங்கள் எதுவும் நடந்திருக்காது.

இன்றைக்கு அதே பாரிஸில் அதே ஆட்கள் பிடிபட்டால்? 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த ஐரோப்பியக் கைது ஆணை 2004லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதில் 32 குற்ற வகைகளுக்கு இரட்டைக் குற்றத்தன்மையைச் சோதிப்பதே கிடையாது. ஆள்கடத்தலும் பிணைக்கைதி பிடிப்பதும் அவற்றில் சேரும். அமைச்சர்கள் தலையிட மாட்டார்கள், ஒரு நாட்டு நீதித்துறை மற்ற நாட்டு நீதித்துறையோடு நேராகப் பேசிக்கொள்ளும். ஆள் எதிர்த்தாலும் 60 நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது பொது விதி.

மூன்றாமவர் ஃப்ரான்ஸ் மெய்யரின் கதை தனி. 1983 டிசம்பரில் தானாக வந்து சரணடைந்தார். மனநிலை சரியில்லாதவர்போல நடித்து மருத்துவக் கண்காணிப்புக்குப் போய், 1985 புத்தாண்டன்று தப்பி, பராகுவே போய்விட்டார். அங்கே அவரைக் கண்டுபிடித்தது போலீஸ் இல்லை, ஒரு பத்திரிகையாளர், ஆண்டு 1994. நெதர்லாந்துக்குத் திரும்பியது 2003இல். ஐரோப்பாவுக்குள் என்னதான் சட்டத்தைச் சீராக்கினாலும் கண்டம் தாண்டினால் பழைய கதைதான்.

11 ஆண்டு என்றால் 11 ஆண்டு இல்லை

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1987இல் வான் ஹவுட்டுக்கும் ஹோலேடருக்கும் ஆளுக்கு 11 ஆண்டு. யாரும் சாகவில்லை என்பது அன்றைய தண்டனைக் கணக்கில் பெரிய காரணி. அன்றைய டச்சு முறைப்படி தண்டனையில் மூன்றில் இரண்டு பங்கைச் சிறையில் இருந்து முடித்தால் வெளியே வரலாம். நன்னடத்தை, கருணை மனு என்று எதுவும் வேண்டாம். 11இல் மூன்றில் இரண்டு, தீர்ப்புக்கு முன் காவலில் இருந்த காலத்தையும் சேர்த்து, ஏழேகால் ஆண்டு சொச்சம். அதனால்தான் 1992இல் இருவரும் வெளியே நின்றார்கள். அந்த இருவருக்காக யாரும் தனிச்சலுகை காட்டவில்லை.

ரெம் எதற்காகப் பிறந்தான்

இனி படத்துக்கு வருவோம். உண்மையில் ஐந்து பேர்; படத்தில் நான்கு. மற்றவர்களின் பெயர்களில் கோர், ஃப்ரான்ஸ், யான் என்று உண்மை ஒட்டிக்கொண்டிருக்க, ஹோலேடர் இருக்க வேண்டிய இடத்தில் ரெம் நிற்கிறான். எல்லாரையும்விட இளையவன், முன்கோபி, கைதிகளை வதைப்பதில் ஒரு சுகம் காண்பவன். ஹோலேடரின் தந்தை ஹைனகன் ஆலையில் வேலை பார்த்தவர், குடியால் வீட்டை நரகமாக்கியவர் என்பது உண்மை வாழ்க்கை. அந்த நிழல் ரெம்மின் மீதும் விழுகிறது. பெயரை மாற்றினாலும் ஆள் யார் என்று டச்சுப் பார்வையாளருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

பெயரை ஏன் மாற்ற வேண்டும்? அந்த ஆண்டின் நிலைமையைப் பார்க்க வேண்டும். 2011இல் ஹோலேடர் சிறையில் இருந்தார். நிலவணிகத் தொழிலதிபர்களை மிரட்டிப் பணம் பறித்த வழக்கில் 2007இல் கிடைத்த ஒன்பது ஆண்டுத் தண்டனை அது. பல கொலைகளில் அவர் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்தது. ஆனால் ஒன்றில்கூடத் தீர்ப்பு வரவில்லை. 1983 கடத்தலில் அவர் குற்றவாளி என்பது தீர்ப்பு. கைதிகளைக் கொடூரமாக நடத்தினார் என்பது திரைக்கதை. ஒரே முகத்தின்மீது இரண்டையும் ஒட்டினால், தீர்ப்பில் இல்லாததைத் தீர்ப்பில் இருப்பதுபோலக் காட்டியதாக ஆகிவிடும்.

அவர் சும்மா இருக்கவில்லை. சிறையிலிருந்தபடியே, படம் தன்னைக் கேவலப்படுத்துகிறது என்று நீதிமன்றம் போனார். டச்சு நாட்டில் ‘கோர்ட் ஹெடிங்’ என்று ஒரு நடைமுறை உண்டு. நம் காதுக்குக் ‘கோர்ட்’ என்று கேட்டாலும் அங்கே அந்தச் சொல்லுக்குக் ‘குறுகிய’ என்று பொருள்; அவசர வழக்குகளைச் சில நாட்களிலோ வாரங்களிலோ கேட்டு இடைக்காலத் தீர்வு சொல்லும் முறை. அதில் அவர் தோற்றார். 2011 அக்டோபரில் படம் திரைக்கு வந்தது.

இத்தகைய வழக்குகளில் ஐரோப்பிய நீதிமன்றங்கள் எடைபோடுவது ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் இரண்டு பிரிவுகளை. 8ஆவது பிரிவு தனிவாழ்க்கைக்கும் மானத்துக்கும் பாதுகாப்பு. 10ஆவது பிரிவு கருத்துச் சொல்லும் உரிமை. பார்க்கும் கேள்விகள் ஏறக்குறைய இவை:

1. அந்த ஆள் பொதுவாழ்வில் அறியப்பட்டவரா? தானே செய்த குற்றத்தால் அறியப்பட்டவரானாலும் அறியப்பட்டவரே.
2. பொதுமக்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா?
3. இது ஆவணப்படம் என்று சொல்லிக்கொள்கிறதா, கதை என்று சொல்கிறதா?
4. இனி நடக்கவிருக்கும் விசாரணையைக் கெடுக்குமா?

மூன்றாவது கேள்விக்குத்தான் ரெம் பதில். பெயர் மாறியவுடனே ‘இது கதை’ என்று படம் ஒப்புக்கொள்கிறது. அதில் ஒரு தந்திரமும் இருக்கிறது: கதை என்று ஒப்புக்கொண்டதால் உண்மையில் இல்லாத கொடூரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கலாம். ஹோலேடரின் முறையீட்டில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எல்லாருக்கும் ஆளைத் தெரிகிறது, பொறுப்பு மட்டும் யாருக்கும் இல்லை என்ற ஏற்பாடு அது. நடிப்பைப் பொறுத்தவரை ரெம்தான் படத்தைத் தூக்கி நிறுத்துகிறான். அந்த வேடத்தைச் செய்த ரெய்னவுட் ஸ்கோல்டன் வான் ஆஷாட் 2012இல் டச்சுத் திரைவிழாவின் ‘தங்கக் கன்றுக்குட்டி’ விருதைச் சிறந்த நடிகருக்காக வாங்கினார்.

யார் வாயால் கேட்ட கதை

2015இன் ஆங்கிலப் படத்தில் கடத்தல்காரர்கள் கொஞ்சம் பாவப்பட்டவர்கள்போலத் தெரிவார்கள். காரணம் எளிது. அது பீட்டர் ஆர். டெ வ்ரீஸ் என்ற குற்றச்செய்திப் பத்திரிகையாளர் 1987இல் எழுதிய புத்தகத்தை வைத்து எடுத்தது. அந்தப் புத்தகத்துக்குப் பெரும்பாலும் வாய்திறந்தவர் கோர் வான் ஹவுட். திட்டம் போட்டவனே தன் திட்டத்தைச் சொன்னால், கொட்டகைச் சுவரின் அந்தப் பக்கம் எப்படி இருந்தது என்பது மங்கித்தானே போகும்?

டச்சுப் படம் நேர்மாறாக ஹைனகன் பக்கம் சாய்கிறது. சங்கிலி, அறை, விடுதலைக்குப் பிறகும் விடாத பயம் என்று. உண்மையிலும் அந்த மூன்று வாரத்துக்குப் பிறகு அவர் மெய்க்காவலர்கள் இல்லாமல் நடமாடியதில்லை. பொதுவெளியிலிருந்து பெருமளவு ஒதுங்கிக்கொண்டார். 2002 ஜனவரியில் இறந்தார். ‘என்னைச் சித்திரவதை செய்தார்கள், கார்ல்ஸ்பெர்க் பீரைக் குடிக்கவைத்தார்கள்’ என்று அவர் கிண்டலடித்ததாக ஒரு துணுக்கு உலகம் முழுக்கச் சுற்றுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதை வைத்து அவர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார் என்று நினைத்துவிடக் கூடாது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பராகுவேயில் மெய்யரைக் கண்டுபிடித்த பத்திரிகையாளரும் இதே டெ வ்ரீஸ்தான். 2021 ஜூலை 6 அன்று ஆம்ஸ்டர்டாம் தெருவில் அவர் சுடப்பட்டு, ஒன்பது நாள் கழித்து இறந்தார். ஹைனகன் கும்பல் பழிதீர்த்துக்கொண்டது என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி எதுவும் நிரூபணமாகவில்லை. சுடப்பட்டபோது அவர் முற்றிலும் வேறான ஒரு போதைப்பொருள் கும்பல் வழக்கில், அரசுத்தரப்பு சாட்சியாக மாறிய ஒருவருக்குத் துணையாக நின்றுகொண்டிருந்தார்.

கூட்டாளியே எமன்

வான் ஹவுட்டும் ஹோலேடரும் வெறும் கூட்டாளிகள் இல்லை. ஹோலேடரின் சகோதரி ஒருவர்தான் வான் ஹவுட்டின் துணைவி. மைத்துனர்கள். 1996இல் வான் ஹவுட்மீது ஒரு கொலைமுயற்சி, 2000இல் இன்னொன்று. 2003 ஜனவரி 24 அன்று ஆம்ஸ்டல்வேன் நகரில் மூன்றாவது முயற்சி பலித்தது.

ஏவியது யார் என்று ஊரெல்லாம் பேச்சு. நிரூபிக்க ஆள் இல்லை. கடைசியில் சாட்சி சொன்னது குடும்பம்: வான் ஹவுட்டின் துணைவியும், வழக்கறிஞரான இன்னொரு சகோதரி அஸ்ட்ரிட் ஹோலேடரும். அண்ணன் பேசியதை இரகசியமாகப் பதிவு செய்திருந்தார் அஸ்ட்ரிட். 2016இல் அவர் எழுதிய ‘யூதாஸ்’ நெதர்லாந்தில் சுடச்சுட விற்றது. சொந்த அண்ணனைக் காட்டிக்கொடுத்தவள் என்று உலகம் சொல்லப்போகும் பட்டத்தைத் தானே தலைப்பாக வைத்துக்கொண்டார். 2019 ஜூலை 4 அன்று, ஐந்து கொலைகளை ஏவியதற்காக ஹோலேடருக்கு ஆயுள் தண்டனை. அவற்றில் ஒன்று மைத்துனரின் கொலை. 2022இல் மேல்முறையீட்டிலும் ஆயுள் நிலைத்தது. அங்கே ஆயுள் தண்டனைக்கு மூன்றில் இரண்டு பங்கு என்ற கணக்கு பொருந்தாது.

எனவே 2011இன் படத்தை இன்று பார்க்கும்போது ரெம் வேறு மாதிரி தெரிகிறான். அன்றைக்கு மிகையாகத் தெரிந்த வெறி, இன்றைக்குத் தீர்ப்பைப் படித்துவிட்டு எழுதியதுபோல இருக்கிறது. எழுதியவர்களுக்கு அப்போது அது தெரியாது என்பதை மனதில் வைத்துப் பார்ப்பது நல்லது.

மிச்சம் 8 மில்லியன்

பணத்தில் பெரும்பகுதி மீண்டது. ஜெய்ஸ்ட் என்ற ஊருக்கு அருகே காட்டில் புதைத்திருந்த பணம், நடைப்பயிற்சிக்குப் போனவர்கள் கண்ணில் பட்டது. கணக்கு நேராகாதது சுமார் 8 மில்லியன் கில்டர், ஏறக்குறைய 36 லட்சம் யூரோ.

இதைத் துரத்துவதிலும் சட்டம் பின்தங்கியே வந்தது. குற்றத்தில் சம்பாதித்ததைத் தனி நடவடிக்கையில் பிடுங்கும் சட்டத்தை நெதர்லாந்து 1993இல்தான் திருத்தி வலுவாக்கியது. கோழிக்கு இறகு பிடுங்குவதுபோல என்பதால் அதற்கு ‘ப்ளுக்-ஸெ’, அதாவது ‘பிடுங்கு அவங்களை’, என்று பேச்சுவழக்கில் பெயர். இருவரும் வெளியே வந்தது அதற்கு முந்தைய ஆண்டு. ஒப்படைப்பிலும் இப்படித்தான், பறிமுதலிலும் இப்படித்தான். சட்டம் வந்து சேர்ந்தபோது ஆள் வாசலைத் தாண்டியிருந்தார். அந்தப் பணம் விபச்சார விடுதிகளிலும் சூதாட்டத்திலும் முதலீடாக மாறியதா என்று பிற்காலத்தில் அரசுத்தரப்பு ஆண்டுக்கணக்கில் துருவியது.

ஒருவேளை அந்தக் காட்டு மண்ணில் இன்னும் ஒரு கட்டு கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1983இல் கேட்ட நான்கு பணங்களில் மூன்று இன்று புழக்கத்திலேயே இல்லை. டாலர் தாள் பழசானாலும் செல்லும். மார்க்கை ஜெர்மனியின் மத்திய வங்கி கெடு எதுவும் வைக்காமல் இன்றும் மாற்றித் தருகிறது. பெரும்பாலான கில்டர் தாள்களுக்கு 2032 ஜனவரி 1 வரை அவகாசம் இருக்கிறது. 500 பிராங்க் தாளுக்குத்தான் வழியில்லை. 2012 பிப்ரவரி 17க்குப் பிறகு எந்த பிராங்க் தாளையும் பிரான்ஸ் மாற்றித் தருவதில்லை. அதில் கட்டுக்கட்டாகக் கிடைத்தாலும் அடுப்பெரிக்கத்தான் ஆகும்.